தெருவுக்குத் தார் வரும் வழி: சென்னையில் சாலை நிதி கேட்போருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

குடியிருப்போர் நலச் சங்கத்தில் புதிதாகச் செயலாளர் பொறுப்பை ஏற்பவர் எழுதும் முதல் மனு பெரும்பாலும் சாலையைப் பற்றியதாகவே இருக்கும். நான் எழுதியதும் அப்படித்தான். ‘எங்கள் தெரு குண்டும் குழியுமாக உள்ளது, முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும் பெரும் அவதிக்குள்ளாகின்றனர், ஆவன செய்ய வேண்டுகிறோம்’ என்று எழுதி, வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கி, வார்டு உதவிப் பொறியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பொறுமையாக முழுவதும் படித்தார். “சார், நீங்க எழுதியிருக்கிறது எல்லாம் சரிதான். ஆனா இதை வச்சுக்கிட்டு நான் எஸ்டிமேட் போட முடியாதே” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் எனக்கு முழுதாக விளங்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

விளங்கியது இதுதான்: தெரு மோசமாக இருக்கிறது என்பதற்காக நிதி வருவதில்லை. சென்னையில் மோசமான தெருக்களுக்குப் பஞ்சமே இல்லை. மாநகராட்சி அரசிடம் மானியம் கேட்டுப் பட்டியல் அனுப்பும் வேளையில், நீளம், அகலம், பழுதின் அளவு, கடைசியாகத் தார் போட்ட ஆண்டு, நிலத்தடிப் பணிகள் நிலுவையில் இல்லை என்ற உறுதி ஆகிய அனைத்தும் கையில் இருக்கும் தெருதான் அந்தப் பட்டியலில் ஏறுகிறது. ஆகவே கீழே சொல்லப்போவது புகார் கொடுக்கும் முறை அன்று. உங்கள் தெருவைப் பட்டியலில் ஏறத் தகுந்ததாக ஆக்கும் முறை.

முதல் வேலை: சாலை யாருடையது?

இது அற்பமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் தவறான அலுவலகத்துக்குப் போன மனுக்களை எண்ணினால் இந்தக் கேள்வியின் அருமை தெரியும். பெருநகரச் சென்னை மாநகராட்சியிடம் சுமார் 387 கிலோமீட்டர் நீளத்துக்குப் பேருந்து செல்லும் சாலைகளும், 5,200 கிலோமீட்டருக்கு மேல் உட்புறச் சாலைகளும் உள்ளன. பேருந்து செல்லும் சாலைகளைத் தலைமையகத்தில் இயங்கும் தனித் துறை ஒன்று பார்த்துக்கொள்கிறது. உட்புறச் சாலைகள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. எனவே உங்கள் தெருவுக்கான மனுவை ரிப்பன் கட்டடத்துக்கு எடுத்துச் சென்றால், அது முத்திரை வாங்கிக்கொண்டு நீங்கள் புறப்பட்ட மண்டலத்துக்கே திரும்பி வரும்.

அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளவை. அவற்றுக்கு மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டுப் பயன் இல்லை. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் தடங்களில் உள்ள சாலைப் பகுதிகள், பணி முடியும் வரை அந்நிறுவனத்தின் பராமரிப்பில் இருக்கக்கூடும். இன்னொரு குழப்பமும் உண்டு. அஞ்சல் முகவரியில் ‘சென்னை’ என்று இருப்பதால் மட்டும் ஒரு தெரு சென்னை மாநகராட்சிக்கு உட்பட்டதாகிவிடாது. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் தனி மாநகராட்சிகள் ஆயின. அவற்றுக்குத் தனி மன்றமும் தனி நிதிக்கணக்கும் உண்டு.

எளிய வழி, சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்ப்பது. அதில் மண்டல எண்ணும் கோட்ட எண்ணும், அதாவது வார்டு எண்ணும், முன்னால் இருக்கும். 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 200 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பழைய எண்களைப் பலர் இன்னும் வாய்ப்பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை நம்பி எழுத வேண்டாம்.

விரிவாக்கப் பகுதிகளில், குறிப்பாகப் பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கங்களில், கூடுதலாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மனைப்பிரிவை உருவாக்கியவர் தெருக்களை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக்கொடுத்தாரா என்பதே அது. எழுதிக்கொடுக்காத தெரு சட்டப்படி தனியார் நிலமாகவே இருக்கும். அதில் பொதுப்பணத்தைச் செலவிட எந்த அலுவலரும் கையொப்பம் இட மாட்டார். பத்து ஆண்டுகளாக மனு கொடுத்தும் தார் வராத தெருக்கள் சிலவற்றின் உண்மையான நோய் இதுதான்.

பணம் எந்த வாசல் வழியாக வருகிறது?

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை 12-ஆவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அதில் சாலைகளும் பாலங்களும் உண்டு. பணி வந்த அளவுக்குப் பணம் வரவில்லை என்பது ஊரறிந்த சங்கதி. சொத்து வரியும் தொழில் வரியும் சம்பளத்துக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் போன பிறகு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாலையைப் புதுப்பிக்க மிச்சம் இருப்பது சொற்பமே. அதனால்தான் மாநகராட்சி அரசின் மானியங்களை எதிர்பார்க்கிறது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலோர் ‘மத்திய அரசிலிருந்து நிதிக்குழு மானியம் வருகிறதே, அதில் எங்கள் தெருவைப் போட்டால் என்ன?’ என்று கேட்பார்கள். நானும் ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறேன். மத்திய வரிப்பணத்தைப் பகிர்வது பற்றிப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நகர உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது 1,21,055 கோடி ரூபாய். ஆனால் சென்னை போன்ற பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத் தொகுதிகளுக்கு என்று பிரித்து வைத்த 38,196 கோடியும் காற்றின் தரம், குடிநீர், துப்புரவு, திடக்கழிவு ஆகியவற்றில் காட்டும் முன்னேற்றத்தோடு கட்டிப்போடப்பட்டது. சாலையோரத்தில் மண் பறக்காமல் தளம் போடுவது காற்றுத் தூய்மைக் கணக்கில் வரலாம். உங்கள் தெருவுக்கு மேல்தளத் தார் போடுவது அவ்வளவு எளிதில் வராது. 2026 ஏப்ரல் முதல் 16-ஆவது நிதிக்குழுவின் காலம் தொடங்குகிறது. எந்தக் குழுவானாலும், ஒரு மானியத்தின் பெயரைக் கேட்டதும் மகிழ்ந்துவிடாமல், அதை எந்தச் செலவுக்கு அனுமதித்திருக்கிறார்கள் என்ற வழிகாட்டு நெறிமுறையைப் படிக்க வேண்டும்.

நடைமுறையில் தெருச் சாலைகளுக்கு உதவுவது மாநில அரசின் வாசல்தான். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. அதற்கும் மேலாக, தமிழ்நாடு நகர்ப்புறச் சாலை உட்கட்டமைப்புத் திட்டம், நகர்ப்புறச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், 2021-க்குப் பின் வந்த சிங்காரச் சென்னை 2.0, மூலதன மானிய நிதி எனப் பல தலைப்புகளில் சாலைகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. வட சென்னையில் வசிப்பவர்கள், 2023-24 நிதிநிலை அறிக்கையில் மூன்றாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். திட்டங்களின் பெயர்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறும். 2011-இல் அதே இடத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சி இயக்கம் என்ற பெயர் இருந்தது. பெயரை மனப்பாடம் செய்வதைவிட, நடப்பு ஆண்டில் எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்று மண்டலச் செயற்பொறியாளரிடம் நேரில் கேட்டுவிடுவது மேல். கேட்டால் சொல்வார்கள், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதைவிட வெறுங்கையோடு போய்க் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்கள் என்பது என் அனுபவம்.

சின்ன வாசல்களும் உண்டு. மாமன்ற உறுப்பினரின் வார்டு மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உள்ள சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, 5 கோடியாக உள்ள நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆகியவை சிறிய சந்துகளுக்கும், பாதியில் நின்ற துண்டுச் சாலைகளுக்கும் பொருத்தமானவை. 200 மீட்டர் தெருவுக்காகப் பெருந்திட்டத்தின் கதவைத் தட்டிக்கொண்டு மூன்று ஆண்டு காத்திருப்பதைவிட இது சில நேரம் விரைவானது.

அடுத்தது, தோண்டி முடித்துவிட்டார்களா?

எல்லாப் படிகளிலும் இதுவே முதன்மையானது என்பேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருமுறை பளபளவென்று தார் போட்டார்கள். அரிசிக் கோலம் போடுவதற்குக்கூட மனம் வராத அளவுக்குக் கருகருவென்று இருந்தது. நாற்பதாவது நாள் ஒரு சேவைத் துறையின் ஒப்பந்தக்காரர் வந்து, கழிவுநீர் இணைப்புக்காகத் தெருவின் நட்டநடுவே நீளவாக்கில் வெட்டினார். பிறகு மண்ணைக் கொட்டி மூடினார்கள். முதல் மழையில் அந்த வெட்டு இறங்கி, இருசக்கர வண்டிகள் சிக்கும் தண்டவாளம் போல ஆயிற்று. அதே தெருவுக்கு மீண்டும் நிதி கேட்டபோது, ‘சமீபத்தில் போடப்பட்டது’ என்று பதிவேட்டில் இருந்ததால் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தத் தெருக்காரர்களுக்கு நிதி வந்தும் சாலை இல்லாமல் போயிற்று.

ஆகவே மனு எழுதும் முன் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில், உங்கள் தெருவில் குழாய் மாற்றமோ பாதாளச் சாக்கடைப் பணியோ திட்டமிடப்பட்டுள்ளதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நிலத்தடிக் கம்பிவடம் பதிக்கும் பணி நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவில், புதிய வடிகாலோ பழைய வடிகாலின் இணைப்போ வர இருக்கிறதா என்று கேளுங்கள். வடிகால் இல்லாத தெருவில் போட்ட தார், தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரே மழைக்காலத்தில் ஜல்லி பெயரும். தாருக்கும் தண்ணீருக்கும் ஆகாது. வடிகால் வரவேண்டிய தெரு என்றால், சாலையைக் கேட்காமல் முதலில் வடிகாலைக் கேளுங்கள்.

நான்காவதாக ஒருவரையும் விட்டுவிடக் கூடாது: உங்கள் தெருக்காரர்களையே. புதிய குடிநீர் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு, வீட்டை இடித்துக் கட்டும் திட்டம் யாருக்கேனும் இருந்தால், தார் வருவதற்கு முன்பே இணைப்புக்கு விண்ணப்பித்து வெட்டி முடித்துவிடச் சொல்லிச் சங்கத்தின் சார்பில் சுற்றறிக்கை அனுப்புங்கள். இரண்டு பேர் கேட்பார்கள், ஒருவர் கேட்க மாட்டார். அந்த ஒருவரின் வீட்டு வாசலில்தான் பிறகு பள்ளம் விழும். அவருடைய தோசைக்கல் அளவுப் பள்ளத்துக்காகத் தெருவே அவரை ஐந்து ஆண்டு திட்டும்.

டேப் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள்

உதவிப் பொறியாளர் ஒருவரின் பொறுப்பில் நூற்றுக்கணக்கான தெருக்கள் இருக்கும். உங்கள் தெருவின் அளவுகள் ஏற்கெனவே தாளில் இருந்தால் அவருடைய வேலை பாதி குறையும். அவர் எப்படியும் மறுபடி அளந்துதான் மதிப்பீடு போடுவார். ஆனாலும் எந்தத் தெருவை முதலில் அளப்பது என்பதை உங்கள் தாள் முடிவு செய்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வண்டிகள் நடமாடத் தொடங்கும் முன், 30 மீட்டர் டேப்பும் சாக்கட்டியுமாக மூன்று பேர் போதும். தெருமுனையிலிருந்து பத்து மீட்டருக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கோட்டிலும் தார்ப்பரப்பின் அகலத்தை அளந்து எழுதுங்கள். சென்னைத் தெருக்கள் தொடக்கத்தில் ஆறு மீட்டராகவும் நடுவில் நாலரையாகவும் இருக்கும், இடையில் யாரோ ஒருவருடைய வாசற்படி இரண்டடி முன்னேறியிருக்கும். எந்தக் கோட்டுக்கும் எந்தக் கோட்டுக்கும் இடையில் பள்ளம், எங்கே ஜல்லி பெயர்ந்தது, எங்கே தண்ணீர் நிற்கிறது, மேன்ஹோல் மூடிகள் எத்தனை, அவை சாலை மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா கீழே இருக்கின்றனவா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது கோட்டு எண் தெரியும்படி எடுங்கள். ‘தெருவின் பரிதாப நிலை’ என்று தலைப்பிட்ட இருபது படங்களைவிட, ‘கோடு 7-க்கும் 8-க்கும் இடையே, 2.1 மீட்டர் நீளம்’ என்று எழுதிய ஒரு படம் அலுவலகத்தில் அதிகம் பேசும்.

அதோடு வீடுகளின் வாசல் மட்டத்தையும் அளந்துவிடுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே 4 செ.மீ. கனத்துக்குப் புதுத் தார் போட்டால், நான்கு முறை போட்டதும் சாலை 16 செ.மீ. உயர்ந்துவிடும், அது ஒரு படிக்கட்டின் உயரம். கோடம்பாக்கம், மாம்பலம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணைக்கு ஏறிய படி காணாமல் போய், இப்போது வீட்டுக்குள் இறங்கிப் போகிறோம் என்றால் காரணம் இதுவே. 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே, மட்டம் உயராதபடி மறுதளம் போட வேண்டும் என்று அறிவுறுத்தல் அனுப்பினார். உங்கள் மனுவில் இந்த அறிவுறுத்தலைக் குறிப்பிட்டு, சுரண்டும் பணியையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பீட்டில் இல்லாத வேலையை ஒப்பந்தக்காரர் தெருவில் வந்து செய்ய மாட்டார். செய்யச் சொல்லி அப்போது வாதாடுவதில் நியாயமும் இல்லை.

மனு எழுதும் விதம்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெறுநராக மண்டலச் செயற்பொறியாளரைப் போட்டு, வார்டு உதவிப் பொறியாளருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் நகல் கொடுங்கள். ‘பொருள்’ என்ற வரியில் தெருவின் முழுப்பெயர், வார்டு, மண்டலம் இருக்கட்டும். அடுத்து வரும் ‘பார்வை’ என்ற வரியைப் புதியவர்கள் காலியாக விட்டுவிடுகிறார்கள். அலுவலகத்தில் உங்கள் கோப்பைக் கண்டுபிடிக்க உதவுவது அந்த வரிதான். முன்பு கொடுத்த மனுவின் தேதி, 1913 என்ற உதவி எண்ணில் பதிந்த புகார் எண், முன்னர் வந்த பதில் கடிதத்தின் எண் ஆகியவற்றை அங்கே எழுதுங்கள். அதன் கீழே மனுவின் உள்ளடக்கத்தை இவ்வாறு எழுதலாம்:

‘மேற்படி தெருவின் நீளம் 240 மீட்டர், சராசரி அகலம் 5.5 மீட்டர். இத்தெருவில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய்ப் பணிகள் நிலுவையில் இல்லை என்பதற்கான வாரியத்தின் கடித நகல் இணைக்கப்பட்டுள்ளது. மழைநீர் வடிகால் இருபுறமும் உள்ளது. பழுதடைந்த பகுதிகளின் அளவு விவரமும் படங்களும் இணைப்பில் உள்ளன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து மறுதளம் அமைக்கும் வகையில் மதிப்பீடு தயாரித்து, அடுத்து அரசுக்கு அனுப்பப்படும் கருத்துருவில் இத்தெருவைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

‘கருத்துருவில் சேர்க்குமாறு’ என்ற சொற்களைக் கவனியுங்கள். கருத்துரு என்பது நிதி கேட்டு மாநகராட்சி அரசுக்கு அனுப்பும் முன்மொழிவு. ‘சாலை போட்டுத் தருமாறு’ என்று கேட்டால் ‘நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலோடு கோப்பு மூடப்படும். கருத்துருவில் சேர்ப்பது உதவிப் பொறியாளரின் கைக்கு எட்டும் வேலை. அதைக் கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியாக வேண்டும். மனுவின் நகலில் வரவு முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

மனு தனியாகப் போவதைவிட வார்டின் குரலோடு போவது நல்லது. 2016 இறுதியிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. அலுவலரைத் தவிர வேறு யாரிடமும் போக வழியில்லை. இப்போது மாமன்ற உறுப்பினரும் வார்டு குழுவும், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டங்களும் உள்ளன. பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் தெருவைக் குறிப்பிட்டுப் பேசி, அது கூட்டக் குறிப்பில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு தெருக்காரர்கள் நான்கு மனுவோடு ஒருவரை ஒருவர் முந்துவதைவிட, நால்வரும் உட்கார்ந்து எது முதல், எது அடுத்தது என்று முடிவு செய்து ஒரே பட்டியலாகக் கொடுத்தால் அதற்கு எடை கூடும். பேச்சு எளிது, உட்கார வைப்பதுதான் பாடு.

எப்போது கொடுப்பது?

ஐப்பசி மழையில் பள்ளம் விழுந்ததும் கோபத்தோடு கொடுக்கப்படும் மனுக்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் அலுவலகத்துக்கு ஒட்டுப்பணிக்கே கை போதாது; வடகிழக்குப் பருவமழை முடியும் வரை புதுத் தளமும் போட மாட்டார்கள். மழைக்கால நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவே நல்ல சான்று. தை பிறந்ததும் அளவெடுத்து, மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை மார்ச் வாக்கில் வரும் முன்னர் மனு மண்டலத்தில் இருக்கும்படி பாருங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால் புதிய பணிகளைத் தொடங்க முடியாது என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கோப்பு நடக்கும் பாதை

உதவிப் பொறியாளர் அரசின் விலை விகிதப் பட்டியலை வைத்து மதிப்பீடு போடுகிறார். அதற்கு மேல்நிலைப் பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி அளிக்கிறார். பல தெருக்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு ஒரு தொகுப்பாகி, மன்றத் தீர்மானத்தோடு நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைக்குக் கருத்துருவாகப் போகிறது. அரசு ஏற்றால் அரசாணை வரும். நிர்வாக அனுமதியும் எவ்வளவு மானியம், எவ்வளவு மாநகராட்சியின் பங்கு என்ற விவரமும் அதில் இருக்கும். பிறகு ஒப்பந்தப்புள்ளி. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழ் உள்ள விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். ஒப்பந்தக்காரர் முடிவானதும் பணி ஆணை.

இந்தப் பாதையில் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் வாரம் ஒருமுறை அலுவலகப் படியேறுவது இருவருக்கும் சலிப்பு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் எழுதினால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘ஏன் இன்னும் சாலை போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. ‘மேற்படி தெரு இடம்பெற்ற கருத்துருவின் நகல், தொழில்நுட்ப அனுமதியின் எண்ணும் தேதியும்’ என்று கேளுங்கள். ஆனால் இதை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம். ஒத்துழைக்கும் பொறியாளரைச் சட்டக் கடிதத்தால் எதிரணியில் நிறுத்திய சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தார் போடும் இரவு

நகரத்தில் தார் பெரும்பாலும் இரவில்தான் வரும். முன்தினம் சொல்லிவிட்டு வண்டிகளை அப்புறப்படுத்தச் சொல்வார்கள். ஊருக்குப் போனவரின் கார் ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருக்கும், அதைச் சுற்றித் தார் போட்டுவிட்டுப் போவார்கள், பிறகு அந்த இடத்தில் கார் வடிவில் ஒரு பள்ளம் தங்கிவிடும். சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அன்றைக்கு மதிப்பீட்டின் நகல் கையில் இருக்கட்டும். 240 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 1,320 சதுர மீட்டர். 4 செ.மீ. கனம் என்றால் 52.8 கனமீட்டர் கலவை. ஒரு கனமீட்டர் இறுகிய கலவை சுமார் 2.4 டன் என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 127 டன். ஒரு டிப்பருக்கு 15 டன் என்றால் எட்டரை லோடு. ஐந்து லோடோடு வேலை முடிந்துவிட்டால் கனம் எங்கேயோ குறைந்திருக்கிறது என்று பொருள். எடைச்சீட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று தளத்தில் இருக்கும் பொறியாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள், டிரைவரிடம் பிடுங்காதீர்கள்.

சூடும் முக்கியம். வழக்கமாகப் பயன்படும் விஜி-30 வகைத் தாரில், மத்திய சாலைத் துறையின் விவரக்குறிப்புப்படி கலவையைப் பரப்பும்போது 140 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. உருட்டி முடிக்கும்போது 90-க்குக் கீழே போகக் கூடாது. கலவை ஆலையிலிருந்து வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்து ஆறிப்போனால், ரோலர் எத்தனை முறை ஓடினாலும் ஜல்லி பிடிக்காது. பொறியாளரிடம் வெப்பமானி இருக்கும். ஒவ்வொரு லோடிலும் வைத்துப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். தார்ப்பாய் போட்டு மூடாமல் வந்த லோடு சந்தேகத்துக்குரியது. பழைய பரப்பைச் சுரண்டிய பிறகு தூசியை ஊதித் துடைத்து, மெல்லிய பூச்சுத் தார் தெளித்துவிட்டே மேலே கலவையைப் போட வேண்டும். இந்தத் தெளிப்பைத் தவிர்த்தால் புதுத் தார் ஆறு மாதத்தில் அப்பளம் போல உரியும்.

மேன்ஹோல் மூடிகளைப் பணி தொடங்கும் முன் எண்ணி வைத்தீர்கள் அல்லவா? காலையில் மறுபடி எண்ணுங்கள். எங்கள் தெருவில் பதினொன்றில் இரண்டு காணவில்லை. தாருக்கு அடியில் இருந்தன. மூன்றாம் நாள் கழிவுநீர் பொங்கியபோது அவற்றைத் தேடப் புதுச் சாலையைக் கொத்த வேண்டியதாயிற்று.

தார் காய்ந்த பிறகு

வேலையின் அளவுகள் அளவுப் புத்தகத்தில், அதாவது அலுவலகத்தில் எம்-புக் என்று சொல்வதில், ஏறிய பிறகே ஒப்பந்தக்காரருக்கு பில் தொகை கிடைக்கும். மானியத்தின் அடுத்த தவணைக்கு மாநகராட்சி பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அது தாமதமானால் பட்டியலில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் தெருவும் தாமதமாகும். ஆகவே குறைகள் இருந்தால் முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுங்கள், ஆறு மாதம் கழித்து அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவண நகலை மட்டுமன்றி, பணியைப் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

பணி ஆணையில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தால் ஒப்பந்தக்காரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அது முடியும் தேதியைச் சங்கத்தின் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்து, மூன்று மாதம் முன்பாக மறுபடி டேப்போடு தெருவில் இறங்குங்கள். அதற்கிடையே யார் தெருவை வெட்ட வந்தாலும் மாநகராட்சியின் சாலை வெட்டு அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டு இல்லையென்றால் அங்கேயே நின்று 1913-க்கு அழைத்து, புகார் எண்ணை அதே பதிவேட்டில், அடுத்த மனுவின் ‘பார்வை’ வரிக்காகக் குறித்துவிடுங்கள்.